தியேட்டருக்குள் பாம்பு விட்டு எதிர்ப்பு... ஹாலிவுட்டை தென்கொரிய சினிமா சமாளித்தது எப்படி?

2020-ல் ‘பாராசைட்’ படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்றது. ஆங்கிலம் அல்லாத ஒரு படத்துக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. ஆனால் 1993-ல் நிலைமையே வேறு. சொந்த நாட்டு தியேட்டர்களிலேயே கொரியப் படங்களுக்கு இருந்த பங்கு சுமார் 16 சதவீதம்தான்!

என்ன நடந்தது?

1980-களின் பாதி வரை, வெளிநாட்டுப் படத்தை இறக்குமதி செய்ய உள்ளூர் நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி. அமெரிக்காவின் நெருக்கடியால் அது மாறியது. 1988-ல் ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் இடைத்தரகர் இல்லாமல் நேரடியாகவே படங்களை வெளியிட ஆரம்பித்தன. கொரிய சினிமாக்காரர்கள் கொதித்துப் போனார்கள். எதிர்ப்பு எந்த அளவுக்குப் போனது தெரியுமா? படம் ஓடும் தியேட்டருக்குள் பாம்பை விட்டார்கள்.

‘ஸ்கிரீன் கோட்டா’ காப்பாற்றியதா?

வருஷத்துக்கு 146 நாள் ஒவ்வொரு தியேட்டரும் கொரியப் படம் ஓட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் இருந்தது. இதுதான் ஸ்கிரீன் கோட்டா. பல தியேட்டர்கள் கணக்கில் மட்டும் கொரியப் படம் ஓட்டின. அதைக் கண்காணிக்க சினிமாக்காரர்களே ஒரு குழு அமைக்க வேண்டியிருந்தது. இந்த கோட்டா அமலில் இருந்தபோதுதான் பங்கு 16 சதவீதத்துக்கு விழுந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. திரையை ஒதுக்கலாம், ரசிகனை கட்டிப் போட முடியாதே!

திருப்பம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ‘ஜுராசிக் பார்க்’ சம்பாதித்த பணம் 15 லட்சம் ஹூண்டாய் கார்கள் விற்றதற்குச் சமம் என்று 1994-ல் அதிபர் கிம் யங்-சாமுக்கு ஓர் அறிக்கை போனது. சினிமாவும் ஒரு தொழில்தான் என்று அரசு யோசிக்கத் தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் பணம் போட்டன. படங்களை முன்கூட்டியே தணிக்கை செய்வது செல்லாது என 1996-ல் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. 1998-ல் மல்டிபிளெக்ஸ் வந்தது. அடுத்த வருஷமே, சாம்சங் பணத்தில் எடுக்கப்பட்ட ‘ஷிரி’, கொரியாவில் ‘டைட்டானிக்’ படத்துக்கு வந்த கூட்டத்தை முந்தியது.

2006-ல் மறுபடியும் அடி. அமெரிக்காவுடன் வர்த்தக ஒப்பந்தம் பேச வேண்டுமென்றால் கோட்டாவை குறைக்க வேண்டும் என்ற நிலை. 146 நாள் 73 ஆனது. ‘ஓல்ட்பாய்’ நாயகன் சோய் மின்-சிக் அரசு கொடுத்த விருதையே திருப்பிக் கொடுத்தார். நல்லவேளையாக, பயந்தபடி நடக்கவில்லை. சில வருஷம் பங்கு குறைந்தாலும், 2011 முதல் 2019 வரை ஒவ்வோர் ஆண்டும் பாதிக்கு மேல் டிக்கெட் கொரியப் படங்களுக்கே விற்றது.

இப்போது என்ன பிரச்னை?

2019-ல் சுமார் 22.6 கோடி டிக்கெட் விற்ற கொரிய தியேட்டர்களில், 2024-ல் விற்றது சுமார் 12.3 கோடிதான். கொரோனாவில் வீட்டுக்குப் போன கூட்டத்தில் பாதி திரும்பவில்லை. நல்ல இயக்குநர்களும் நடிகர்களும் நெட்ஃபிளிக்ஸ் பக்கம் போகிறார்கள். 73 நாள் கோட்டா தியேட்டர் திரைக்கு மட்டும்தான். செல்போன் திரைக்கு அது செல்லாது.