வயிறு நிறைந்த எலி மறுபடி தின்பது ஏன்?

செரட்டோனின் கூடினால் பசி அடங்கும் என்பது பரவலான நம்பிக்கை. அது பாதிதான் உண்மை. நரம்புகளிலிருந்து செரட்டோனினை வெளியேற்றும் ஃபென்ஃப்ளூரமைனைக் கொடுத்தால் பசித்த எலியும் குறைவாகத்தான் தின்னும். ஆனால் 1980களில் ஆராயப்பட்ட 8-ஓஎச்-டிபிஏடி என்ற மருந்து அதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. அதுவும் செரட்டோனின் ஏற்பியைத் தூண்டுவதுதான். இருந்தும், வயிறு நிறையத் தின்று ஒதுங்கிய எலி, ஊசி போட்ட சற்று நேரத்தில் மீண்டும் தீனியிடம் வந்து கொறிக்கத் தொடங்கியது. இம்மருந்து பற்றும் 1ஏ ஏற்பிகளில் ஒரு பகுதி, செரட்டோனினைச் சுரக்கும் நரம்பணுக்களின் மேலேயே இருக்கிறது. அங்கே தூண்டினால் அந்த அணுக்களே அடங்கிவிடும். செரட்டோனின் சுரப்பு குறையும், அதனால் தீனி கூடும்.

ஆகவே செரட்டோனின் என்ன செய்யும் என்று கேட்பதைவிட, எந்த ஏற்பி வழியாகச் செய்கிறது என்று கேட்பதே சரி. எம்சிபிபி என்ற இன்னொரு மருந்து முக்கியமாக 2சி ஏற்பி வழியாக எலியின் தீனியைக் குறைக்கிறது, உடல் வெப்பத்தை ஏற்றுகிறது. 8-ஓஎச்-டிபிஏடி தீனியைக் கூட்டி வெப்பத்தை இறக்குகிறது. இதுவரை இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். இரத்தத்தில் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற மனஅழுத்த ஹார்மோனை அளந்தால் அந்தக் கணக்கு பொய்க்கிறது: இரண்டு மருந்துகளுமே அந்த ஹார்மோனை உயர்த்துகின்றன. பசியை மட்டும் அளந்தவருக்கு இது தெரியவே தெரியாது. தீனி, வெப்பம், ஹார்மோன் மூன்றையும் சேர்த்து அளக்கும் ஆய்வுகளை நான் பெரிதும் மதிப்பது இதனால்தான்.

மருந்தால் சுகமில்லாமல் போன எலியும் தின்னாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வயிறு நிறைந்த எலிக்கு ஓர் ஒழுங்கு உண்டு: தின்பதை நிறுத்தும், முன்னங்கால்களால் முகத்தையும் மயிரையும் நீவிக்கொள்ளும், பிறகு சுருண்டு படுக்கும். ஃபென்ஃப்ளூரமைன் இந்த ஒழுங்கைக் கலைக்காமல் முன்கூட்டியே வரவைக்கிறது. குமட்டலோ மயக்கமோ அதைக் குலைத்துவிடும். உடல் வெப்பத்தை அளப்பதில் இன்னும் கவனம் தேவை. அதே ஃபென்ஃப்ளூரமைன் சூடான அறையில் எலியின் வெப்பத்தை ஏற்றும், குளிர்ந்த அறையில் இறக்கும். அறை வெப்பநிலையைக் குறிப்பிடாத முடிவை நம்புவதற்கில்லை.

எலியில் கண்டது மனிதருக்குப் பொருந்துமா என்பது கடினமான கேள்வி. பசி விஷயத்தில் பொருந்தியது. ஃபென்ஃப்ளூரமைன் மனிதரின் பசியையும் குறைத்தது. ஆனால் உடலில் அது மாறி உருவாகும் பொருள் இதய வால்வுகளின் 2பி ஏற்பியையும் தூண்டியது. வால்வுகள் தடித்துப் பழுதானதால், எடை குறைப்பு மருந்தாக விற்கப்பட்ட அதை 1997இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். பசிக்கான சோதனையில் யாரும் வால்வைப் பார்ப்பதில்லை.