பிசின் தாங்கும் கல்

இங்கிலாந்தின் டார்பிஷர் பகுதியில் காசில்டன் என்றொரு சிற்றூர். அதற்கு மேற்கே நிற்கிறது டிரீக் கிளிஃப் என்னும் சுண்ணாம்புக்கல் குன்று. அதன் வயிற்றில் இரண்டு குகைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்வையாளர்களுக்குக் காட்டுகிறார்கள். ஒன்று குன்றின் பெயரையே கொண்டது. மற்றொன்று புளூ ஜான் குகை. இருநூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் போனால், கோடையிலும் உடம்பு சில்லிடுகிறது. ஈரச் சுவரில் வழிகாட்டி விளக்கைப் பிடிக்கிறார். சாம்பல் நிறப் பாறைக்கு நடுவே சாண் அகலம்கூட இல்லாத ஒரு பட்டை. அதில் கத்தரிப்பூ ஊதா, அடுத்து வெண்மை, அடுத்து தேன் மஞ்சள், மறுபடி ஊதா என்று வரி வரியாக நிறங்கள். இதுதான் புளூ ஜான்.

வேதியியல் கணக்கில் இது கால்சியம் ஃபுளோரைடு, அதாவது ஃபுளோரைட் கனிமம். அது உலகில் பல நாடுகளில் வெட்டப்படுகிறது. வரியோடிய ரகங்களும் வேறு இடங்களில் உண்டு. ஆனால் இந்தப் பெயரும் இந்த வரிக்கோலமும் இந்தக் குன்றுக்கே உரியவை. சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன், வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் உருவான சுண்ணாம்புக்கல் இந்தக் குன்று. அதன் இடுக்குகளிலும் பொந்துகளிலும், பின்னொரு காலத்தில், பூமியின் ஆழத்திலிருந்து சூடான உப்புநீர் ஏறிவந்தது. அதில் கரைந்திருந்த ஃபுளோரைடு பொந்துகளின் சுவரில் படிகமாக ஒட்டியது. நீர் விட்டுவிட்டு வந்தது, அதன் சேர்மானமும் மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வரவும் ஒரு வரியாக நின்றுவிட்டது.

ஊதா எங்கிருந்து வந்தது? பாறையில் ஊறிய எண்ணெய்ப் பொருள்தான் காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் படிகத்தின் கட்டமைப்பையே காட்டுகின்றன. இயற்கைக் கதிரியக்கம் பட்டு அணுக்களின் அடுக்கு சற்றே குலைந்திருக்கிறது. அந்தக் குலைவு ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிட, மிஞ்சியது நம் கண்ணுக்கு ஊதாவாகத் தெரிகிறது. கல்லை அளவு மீறிச் சூடாக்கினால் நிறம் போய்விடும்.

பெயரைப் பற்றி ஒரு கதை உண்டு. நீலம், மஞ்சள் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களே திரிந்து 'புளூ ஜான்' ஆயின என்பார்கள். ஆனால் டார்பிஷரில் தலைமுறை தலைமுறையாக ஈயம் வெட்டிய சுரங்கத் தொழிலாளர்கள் துத்தநாகத் தாதுவை 'பிளாக் ஜாக்' என்று அழைத்தவர்கள். அதற்குத் தம்பியாக இந்தக் கல்லுக்கும் ஒரு ஆள் பெயரை வைத்திருப்பார்கள் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தக் கல்லுக்கு யோகம் அடித்தது. பர்மிங்காம் தொழிலதிபர் மாத்யூ போல்டன், புளூ ஜான் ஜாடிகளுக்குப் பொன்முலாம் பூசிய வெண்கல வேலைப்பாடு சேர்த்துப் பிரபுக்களின் மாளிகைகளுக்கு விற்றார். சுரங்கத்தையே குத்தகைக்கு எடுக்க முடியுமா என்று 1768-இல் விசாரித்தும் பார்த்தார். அவ்வளவு சீராட்டப்பட்ட கல்லுக்கு முதல் உலகப் போரின்போது நேர்ந்ததை நினைத்தால் மனம் பதைக்கிறது. இரும்பு உருக்கும் உலைகளில் கசடைப் பிரிக்க ஃபுளோரைட் தேவைப்பட்டது. சாதாரண ஃபுளோரைட்டோடு புளூ ஜானும் சேர்ந்து நெருப்புக்குப் போனது. போருக்குப் பிறகும் ஃபுளோரைட் வெட்டுவது நிற்கவில்லை. 1926-இல் அப்படி வெடிவைத்தபோதுதான் டிரீக் கிளிஃபின் உள்ளே சுண்ணாம்பு விழுதுகள் தொங்கும் அறைகள் திறந்துகொண்டன. 1935-இல் அவை மக்கள் பார்வைக்கு வந்தன.

இந்தக் கல்லைப் பாத்திரமாக்குவது லேசுப்பட்ட காரியம் அல்ல. மோஸ் அளவுகோலில் இதன் கடினம் 4. எஃகுக் கத்தியே கீறிவிடும். போதாததற்கு, நான்கு திசைகளில் பிளக்கும் குணம் வேறு. வெட்டியெடுத்த கட்டியை அப்படியே கடைசலில் ஏற்றினால் உதிர்ந்துபோகும். எனவே முதலில் ஈரம் போக மெல்ல உலர்த்துகிறார்கள். பிறகு சூடாக்கிப் பிசினில் ஊறவைக்கிறார்கள். அந்தக் காலத்தில் பைன் மரப் பிசின். இப்போது காற்றை உறிஞ்சியெடுத்த கலத்துக்குள் வைத்து எபாக்சி பிசினை ஏற்றுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல்களுக்குள் பிசின் புகுந்து படிகங்களைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் கடைந்ததும் புது விரிசல்கள் வெளியே தெரியும். மறுபடி பிசின், மறுபடி கடைசல். அவசரக்காரர்களுக்கு இந்தக் கல் கைகொடுக்காது. அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கிண்ணத்தைப் பார்த்து நாம் வியப்பதில் கல்லுக்கு எவ்வளவு பங்கோ, அந்தக் கைப் பொறுமைக்கும் அவ்வளவு பங்கு.

இன்றும் அந்தக் குன்றிலிருந்து புளூ ஜான் எடுக்கிறார்கள். ஆண்டுக்கு அரை டன் அளவுதான். அதில் பெரும்பகுதி மோதிரமும் பதக்கமும் ஆகிறது. வெடி வைத்தால் கல் நொறுங்கும் என்பதால் அதைத் தவிர்க்கிறார்கள். இனிப் புதிதாக எதுவும் கிடைக்காது என்று பலரும் நினைத்திருந்த வேளையில், 2013-இல் டிரீக் கிளிஃப் குகையில் ஒரு புதிய பட்டை கண்ணில் பட்டது.

பெரிய கட்டி கிடைப்பது அரிது. கிடைத்தால் கிண்ணம் கடைகிறார்கள். சுவர் மெலிய மெலிய, கடைபவர் வேலையை நிறுத்தி அதை விளக்கின் முன் தூக்கிப் பார்க்கிறார். இருட்டாகத் தெரிந்த ஊதாவுக்குள் வெளிச்சம் மெல்லப் புகுந்து வருகிறது. இன்னும் ஒரு இழை எடுக்கலாமா, போதுமா என்று அங்கேதான் முடிவாகிறது.