வின்ச் வாங்குமுன்: பெட்டியில் இருக்கும் எண்ணும் மணலில் கிடைக்கும் இழுவையும்

பிக்கப் வண்டிக்கு வின்ச் போடலாம்னு யாராவது பேச்செடுத்தா, முதல்ல வர்ற கேள்வி ஒரு எண்தான். "ஒன்பதாயிரத்து ஐந்நூறா, பன்னிரண்டாயிரமா?" இழுவைத் திறனைப் பவுண்டில் சொல்வது அமெரிக்கப் பழக்கம். இங்கே விற்கிற பெட்டிகளிலும் அதே எண்தான் ஒட்டியிருக்கு. அது பொய்யான எண் இல்லை. ஆனால் வண்டி புதைந்து நிற்கும்போது அந்த இழுவை பெரும்பாலும் நமக்குக் கிடைக்காது. ஏன் என்பதுதான் இந்தக் குறிப்பு.

மலையோ காடோ இல்லாத புதுச்சேரிக்கு வின்ச் எதுக்கு என்று கேட்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது சாலையெங்கும் மரங்கள் சாய்ந்து கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி மக்களை மீட்டது. அந்த மாதிரி நாளில் தெருவில் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வைத்திருப்பவரைத்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க. அவர் போய் மாட்டிக்கொண்டால் இழுக்க ஆள் கிடையாது.

கணக்கு

பரவலாகச் சொல்லும் விதி இது: வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுவை வேண்டும். காலி வண்டியின் எடை இல்லை, ஆளும் சரக்கும் சேர்ந்த எடை. டொயோட்டா ஹைலக்ஸை எடுத்துக்கலாம். மொத்த எடை ஏறத்தாழ 2,900 கிலோ. ஒன்றரை மடங்கு 4,350 கிலோ. 9,500 பவுண்டு என்றால் சுமார் 4,300 கிலோ, மயிரிழையில் போதவில்லை. 12,000 பவுண்டு என்றால் 5,440 கிலோ. அப்போ பன்னிரண்டாயிரம் வாங்கினா முடிஞ்சதா? இல்லை.

பெட்டியில் போட்டிருப்பது உருளையில் ஒரே ஒரு சுற்றடுக்கு கயிறு மட்டும் இருக்கும்போது கிடைக்கிற இழுவை. மேலே அடுக்கு ஏற ஏற உருளை தடித்துக்கொண்டே போகும். மோட்டாரின் முறுக்குவிசை மாறாததால் இழுவை குறையும். 64 மி.மீ. உருளை, 9.5 மி.மீ. கயிறு என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். முதல் அடுக்கில் மையத்திலிருந்து கயிறு வரை 37 மி.மீ., நான்காவது அடுக்கில் 65 மி.மீ. அதாவது மேலடுக்கில் கிடைப்பது முதல் அடுக்கின் 57 சதவீதம் மாதிரி. பன்னிரண்டாயிரம் பவுண்டு வின்ச்சும் அங்கே சுமார் 3,100 கிலோதான் இழுக்கும். அதனால் கயிற்றை முடிந்தவரை வெளியே விட்டு, தூரத்தில் இருக்கிற பிடிமானத்தில் கட்டணும். பக்கத்தில் மரம் இருக்கேன்னு அதிலேயே கட்டினால் பாதித் திறன் போச்சு.

எதிர்ப்பக்கம் எவ்வளவு இருக்கும்? அமெரிக்க ராணுவத்தின் மீட்புக் கையேடுகளில் ஓர் எளிய கணக்கு உண்டு. சக்கரம் அளவுக்குச் சேற்றில் புதைந்தால் வண்டியின் எடை அளவு எதிர்ப்பு. மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு. நம் ஹைலக்ஸுக்கு அது 5,800 கிலோ. பன்னிரண்டாயிரம் வின்ச் முதல் அடுக்கிலும் தனியா நின்னு அதை இழுக்காது. அங்கே கப்பி வேணும். கயிற்றைப் பிடிமானத்தில் மாட்டிய கப்பி வழியாகத் திருப்பி வண்டியிலேயே மாட்டினால் இழுவை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். பெரிய வின்ச்சுக்குக் கொடுக்கிற கூடுதல் பணத்தைவிடக் கப்பி விலை ரொம்பக் குறைவு.

இன்னொன்று, சக்கரமும் சேர்ந்து சுத்தணும். தேர் நகர்வது வடம் பிடிக்கிறவர்களால் மட்டும் இல்லை. பின்சக்கரத்துக்கு நெம்புகட்டை போடுகிறவர்களும் சேர்ந்துதான். அதுபோல லோ ரேஞ்சில் போட்டு மெதுவா சக்கரத்தைச் சுத்தவிட்டால் வின்ச்சின் பாரம் குறையும்.

எதில் கட்டுவது?

வண்டி 5,800 கிலோ கேட்டால், கயிற்றின் மறுமுனையும் அதே 5,800 கிலோவைத் தாங்கணும். நம் கடலோரத்தில் இருப்பது சவுக்கும் தென்னையும். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. ஊறிய மணலில் நிற்கிற மரத்தை நம்பி இழுத்தால் மரம்தான் வரும். அகலமான பட்டையை அடிமரத்தில் தாழ்வாகச் சுற்றிக் கட்டணும். மரமே இல்லாத இடத்தில் ஆழமாகக் குழி தோண்டி ஸ்டெப்னியைப் புதைத்து அதிலிருந்து இழுப்பது பழைய வழி. அதனால் மண்வெட்டியும் வின்ச்சோடு சேர்ந்த சாமான்தான்.

கயிறும் கரண்டும்

இரும்புக் கயிறு உப்புக்காற்றில் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வரும். டைனீமா மாதிரியான செயற்கை இழைக் கயிறு இலேசானது, தண்ணீரில் மிதக்கும், அறுந்தாலும் வீச்சு குறைவு. ஆனால் அதற்கு வெயிலும் மணலும் எதிரி, 150 டிகிரிக்குள் உருகிவிடும். நம் ஊருக்கு நான் இழைக் கயிறுதான் சொல்வேன். உறை போட்டு வைத்து, வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசணும்.

முழுப் பாரத்தில் வின்ச் சுமார் 400 ஆம்பியர் இழுக்கும். ஆல்டர்னேட்டர் கொடுப்பது அதில் கால் பங்கு மாதிரிதான். மிச்சம் பேட்டரியிலிருந்து போகும். அதனால் ஒரு நிமிஷம் இழுத்தால் நிறுத்தி ஆறவிடணும். ஃபெஞ்சல் மாதிரி நாளில் பம்பர் உயரத்தில் இருக்கும் வின்ச்தான் முதலில் தண்ணீரில் மூழ்கும். ஐபி67 அல்லது அதற்கு மேல் இருக்கான்னு பாருங்க.

எங்கே மாட்டுவது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் புல் பார்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. இரும்பு பம்பர் ஏர்பேக் வேலை செய்வதையும் கெடுக்கலாம். வாங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுவது நல்லது.

முன்னால் மாட்டிய வின்ச் முன்னால்தான் இழுக்கும். சேற்றில் மாட்டினால் பெரும்பாலும் நல்ல வழி, வந்த வழியே பின்னால் போவதுதான். இங்கேதான் கட்டுமான வேலைக்காரர்கள் வைத்திருக்கும் டிர்ஃபர் ஞாபகத்துக்கு வருது. பிரெஞ்சுக்காரர்களின் கைநெம்பு இழுவைக் கருவி அது. கயிறு உருளையில் சுற்றாமல் நேராக ஊடுருவிப் போவதால் முதல் மீட்டரிலும் கடைசி மீட்டரிலும் ஒரே இழுவை. 800, 1,600, 3,200 கிலோ அளவுகளில் வரும். பேட்டரி வேண்டாம், பம்பரை வெட்ட வேண்டாம், பின்பக்கமும் மாட்டலாம். மெதுவானது, கை வலிக்கும், அதுதான் குறை. வருஷத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் தேவைப்படுகிறவருக்கு இது போதும்னு எனக்குத் தோணுது.

அதனால் நான் சொல்லும் வரிசை இது: டயர் காற்றுமானி, மண்வெட்டி, மரப்பட்டை, தரச்சான்றுள்ள ஷேக்கிள், கப்பி, அப்புறம் டிர்ஃபர். மின் வின்ச் கடைசி. எதை வைத்து இழுத்தாலும் கயிற்றை டிரெய்லர் மாட்டும் குமிழில் மட்டும் மாட்டாதீங்க. அது உடைந்து பறந்து வெளிநாடுகளில் ஆட்கள் செத்திருக்காங்க. கயிறு விறைப்பாக இருக்கும்போது நனைந்த சாக்கை அதன்மேல் போட்டுவிட்டு, வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளைக் கயிற்று நீளத்துக்கும் அப்பால் அனுப்பிவிட்டுத்தான் இழுக்க ஆரம்பிக்கணும்.