உங்களுக்குத் தெரியுமா? – திருவந்திபுரமும் பாரிஸ் ஆப்பெராவும்

◆ 1810 ஆகஸ்ட் 8 அன்று பாரிஸ் ஆப்பெராவில் ‘லெ பயதேர்’ என்ற இசைநாடகம் அரங்கேறியது. கதை நம் கோயில் தேவதாசிகளைப் பற்றியது. இசை சார்ல் சிமோன் காத்தெல். நடக்கும் இடம் காசி, நாயகி பெயர் லமேயா. இப்படியொரு பெயரைக் காசியிலும் கேட்டிருக்க மாட்டார்கள், கடலூரிலும் கேட்டிருக்க மாட்டார்கள்!

◆ பாட்டெழுதிய எத்தியேன் த ழூய் இளவயதில் இந்தியாவில் படைவீரராக இருந்தவர்.

◆ பாரிஸ் இப்படி இந்தியக் கனவில் மிதந்தபோது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலேயே இல்லை. பிடித்து வைத்திருந்த ஆங்கிலேயர் திருப்பிக் கொடுத்தது 1816-இல்தான்.

◆ 1821-இல் பாரிஸில் ல பெலத்தியே அரங்கைத் திறந்தபோது முதல் நாளே மேடையேறியது ‘லெ பயதேர்’. 1830-இல் காத்தெல் இறந்தார். அப்புறம் அவரை நினைத்தவர்கள் பெரும்பாலும் அவருடைய ஹார்மனி பாடநூலைப் படித்த மாணவர்கள்தான்.

◆ நிஜ தேவதாசிகளைப் பாரிஸ் பார்த்தது 1838-இல். போர்தோ நகரத்து வியாபாரி தார்திவேல் புதுச்சேரியில் ஒப்பந்தம் போட்டு, கடலூர் அருகே உள்ள திருவந்திபுரத்துப் பெண்கள் ஐவரையும் வாத்தியக்காரர்கள் மூவரையும் கப்பலேற்றினார். மூத்தவர் திலம்மாள். கடைக்குட்டிக்கு ஆறு வயதுதான்! மன்னர் லூயி பிலிப் முன் ஆடினார்கள். வரியத்தே அரங்கிலும், பிறகு லண்டனிலும் ஆடினார்கள். பதினெட்டு வயது அமானியைக் கண்டு கவிஞர் தெயோஃபில் கோத்தியே உருகி எழுதினார். சிற்பி பார் அமானிக்குச் சிலையே வடித்தார். காத்தெல் இன்னும் எட்டு ஆண்டு இருந்திருந்தால், தான் கற்பனையில் ஆடவிட்டவர்களின் மத்தளத்தையும் தாளத்தையும் நேரில் கேட்டிருப்பார்.

◆ எதிர்த்திசையிலும் இசை பயணம் செய்தது. காத்தெல் வாழ்ந்த காலத்திலேயே முத்துசுவாமி தீட்சிதர், சென்னைக் கோட்டை பேண்டு வாசித்த ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் செய்தார். அவைதாம் நோட்டுஸ்வரங்கள். அவருடைய ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து ராஜ வாழ்த்தின் மெட்டு.

◆ காத்தெலுக்கு மறுவாழ்வு நம் காலத்தில்தான் வந்தது. பிரெஞ்சு இசையின் மறந்த பக்கங்களைத் தேடும் வெனிஸின் ப்ரூ ஸானே மையம் கைகொடுக்க, தித்தியே தல்பேன் நடத்திய ‘லெ பயதேர்’ 2014-இல் குறுந்தகடாக வந்தது. இசையில் காசி வாடை கொஞ்சமும் இல்லை. முழுக்க முழுக்க நெப்போலியன் காலத்துப் பாரிஸ். ஆனாலும் கேட்கலாம், கம்பீரமான வேலை.

◆ காத்தெல் மறைந்து 2030-இல் 200 ஆண்டு நிறைகிறது. புதுச்சேரியின் பிரெஞ்சுக் கலை அன்பர்களே, ‘லெ பயதேர்’ முகப்பிசையையாவது கடற்கரைச் சாலையில் ஓர் ஆர்கெஸ்ட்ராவை (கல்யாண வீட்டு ஆர்கெஸ்ட்ரா அல்ல!) வைத்து வாசிக்கச் செய்யுங்கள். முன்வரிசையில் திருவந்திபுரத்துக்காரர்களுக்கு இடம் போட்டு வையுங்கள்.