மகப்பேற்றுக்குப் பின்னான மனச்சோர்வு

மகப்பேற்றுக்குப் பின்னான மனச்சோர்வு என்பது குழந்தை பிறந்ததைத் தொடர்ந்து வரும் வாரங்களிலோ மாதங்களிலோ தாய்க்கு ஏற்படக்கூடிய ஒரு மனநலக் குறைபாடு ஆகும். நீங்காத துயரம், பதற்றம், குழந்தை உறங்கும்போதும் தனக்கு உறக்கம் வராமை, எதிலும் நாட்டமின்மை, தான் நல்ல தாய் அல்ல என்ற குற்றவுணர்வு ஆகியன இதன் அறிகுறிகள். இது சோம்பலோ தாய்ப்பாசக் குறைவோ அன்று. சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய் ஆகும்.

பிற நிலைகளிலிருந்து வேறுபாடு

மகப்பேற்றை அடுத்த சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பெரும்பாலான தாய்மாரிடம் காணப்படும். இது ஏறத்தாழ இரண்டு வாரங்களில் தானாகவே நீங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் மனச்சோர்வா என ஆராய வேண்டும். ஆயிரத்தில் ஓரிருவருக்கு மனப்பிறழ்வு நிலை தோன்றும். இல்லாத குரல் கேட்டல், பொய்யான நம்பிக்கைகள், கடும் குழப்பம் ஆகியன தென்பட்டால் அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இதனைப் பேய் பிடித்ததாகக் கருதிக் காலம் கடத்துவது தாய், சேய் இருவரின் உயிருக்கும் ஆபத்தானது.

தமிழ்நாட்டில்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் 359 கருவுற்ற பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2002ஆம் ஆண்டு வெளியானது. மகப்பேற்றுக்குப் பின் 6 முதல் 12 வாரங்களில் மீண்டும் ஆராயப்பட்டவர்களுள் 11 விழுக்காட்டினர் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தனர். குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் குழந்தை பிறத்தல், மாமியாருடனும் பெற்றோருடனும் பிணக்கு, கருவுற்ற காலத்தில் நேர்ந்த துன்ப நிகழ்வுகள், வேலைகளில் கைகொடுக்க ஆளின்மை ஆகியவை இதனோடு தொடர்புடையனவாக இருந்தன.

தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் இந்நோயைத் தடுத்துவிடும் எனப் பலர் எண்ணுவதுண்டு. ஆனால் பெற்றோருடனான பிணக்கும் மேற்கண்ட பட்டியலில் உள்ளதைக் கவனிக்க வேண்டும். வீடு யாருடையது என்பதை விட, அங்கு அவளுக்கு ஓய்வும் ஆதரவும் கிடைக்கின்றனவா என்பதே முக்கியம்.

கண்டறிதல்

1987இல் உருவாக்கப்பட்ட எடின்பரோ அளவுகோல் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. இதில் கடந்த 7 நாட்களின் மனநிலை பற்றி 10 வினாக்கள் உள்ளன. கடைசி வினா தனக்குத்தானே தீங்கிழைத்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'ஆம்' என விடை வந்தால் மொத்த மதிப்பெண் எதுவாயினும் உடனடிக் கவனம் தேவை. தமிழ் வடிவமும் உண்டு. நத்தம் போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களில், குழந்தையின் ஆறாவது வாரத் தடுப்பூசிக்குத் தாய் வரும் நாள் இவ்வினாக்களைக் கேட்பதற்கு ஏற்றது. அன்று குழந்தையின் எடையைப் பார்ப்பவர்கள் தாயின் உறக்கத்தைப் பற்றியும் கேட்கலாம். இரத்தசோகை, தைராய்டு கோளாறு ஆகியவையும் இதையொத்த சோர்வைத் தருவதால் இரத்தப் பரிசோதனையும் செய்வர்.

உளவளத்துணையும் சிகிச்சையும்

மிதமான நிலையில் பேச்சுவழிச் சிகிச்சையே முதன்மையானது. உளவளத்துணையாளர் அறிவுரை கூறுவதில்லை. தாயின் குற்றவுணர்வுக்குப் பின்னுள்ள எண்ணங்களை அவளோடு சேர்ந்து ஆராய்வார், வீட்டு வேலைகளைப் பகிர்ந்துகொள்ளக் குடும்பத்தினரையும் அழைத்துப் பேசுவார். இதற்குச் சிறப்பு மருத்துவரே வேண்டும் என்பதில்லை. பாக்கித்தானின் இராவல்பிண்டிப் பகுதியில், பயிற்சி பெற்ற கிராமப் பெண் நலப் பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்று மனச்சோர்வுற்ற தாய்மாருக்கு இத்தகைய உதவியை அளித்தனர். ஆறு மாதங்களில் உதவி பெற்றவர்களுள் 23 விழுக்காட்டினரிடமும், வழக்கமான வீட்டு வருகை மட்டும் பெற்றவர்களுள் 53 விழுக்காட்டினரிடமும் மனச்சோர்வு இருந்தது (2008). கடுமையான நிலையில் மருந்தும் தேவைப்படும். பாலூட்டும் காலத்தில் கொடுக்கத்தக்க மருந்துகள் இருப்பதால், மருத்துவரைக் கேளாமல் பாலையோ மருந்தையோ நிறுத்தக் கூடாது.

இந்திய அரசின் டெலி மானசு தொலைபேசிச் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் நாள் முழுவதும் தமிழில் பேசலாம்.