வெல்லம் அசலா, கலப்படமா? தண்ணீர் டம்ளர் சோதனையை எவ்வளவு நம்பலாம்?

“ஏனுங்க, இது அஸ்கா கலக்காத வெல்லந்தானுங்களா?”

பொங்கல் நெருங்கினால் பவானி கடைவீதியில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கொங்குப் பகுதியில் அஸ்கா என்றால் வெள்ளைச் சர்க்கரை. “சுத்தமான சரக்குங்க, நம்பி வாங்கீட்டுப் போங்க” என்பார் கடைக்காரர். வீட்டுக்கு வந்ததும் செல்போனில் பார்த்த வீடியோபடி ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். டம்ளரின் அடியில் எதுவும் படியவில்லை என்றால் ‘அசல்’ என்று முடிவாகிவிடும்.

அந்தச் சோதனை பொய்யல்ல. ஆனால், கடையில் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை.

பவானி வட்டாரத்துக்கு இது ஏன் முக்கியம்?

பவானியை அடுத்த சித்தோடு, வெல்லச் சந்தைக்குப் பெயர்பெற்றது. பவானி வட்டத்தில் உள்ள கவுந்தப்பாடி, நாட்டுச்சர்க்கரைக்குப் பெயர்பெற்றது. பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்கான நாட்டுச்சர்க்கரையைத் தேவஸ்தானம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில்தான் ஏலத்தில் வாங்குகிறது. தவறான ஒரு குறிப்பு பரவினால், வாங்குபவர் மட்டுமல்ல, கலப்படம் இல்லாமல் காய்ச்சும் ஆலைக்காரரும் நஷ்டப்படுவார்.

தண்ணீர் சோதனை எதைக் காட்டும்?

சுண்ணக்கட்டித் தூள், மண் போன்றவை தண்ணீரில் கரையாது, அடியில் படியும். அதைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனை போதும். அதேசமயம், கரும்புச் சக்கைத் துகள் போன்றவை நல்ல வெல்லத்திலும் கொஞ்சம் இருக்கும். லேசான வண்டலைப் பார்த்து ‘கலப்படம்’ என்று பதற வேண்டாம். வெள்ளையாகக் கனமாகப் படிந்தால் சந்தேகப்படலாம்.

அஸ்கா? அது முழுதாகக் கரைந்துவிடும். உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, கரும்பு வெல்லத்தின் உலர் எடையில் மொத்தச் சர்க்கரை 90 சதவீதத்துக்கும், சுக்ரோஸ் 60 சதவீதத்துக்கும் குறையக் கூடாது. அஸ்கா ஏறக்குறைய முழுவதுமே சுக்ரோஸ். ஆக, இரண்டிலும் இருப்பது ஒரே பொருள். டம்ளர் தண்ணீருக்கு அதைப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

நிறத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

‘கறுப்பாக இருந்தால் அசல், மஞ்சளாக இருந்தால் ரசாயனம்’ என்பது பாதி உண்மை. நிறத்தை வெளுக்க ‘ஹைட்ரோஸ்’ எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட் சேர்ப்பது நடக்கிறது. வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு 70 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இருப்பது இதனால்தான். பளிச்சென்ற மஞ்சள் நிறம் கண்டால் யோசிப்பது நல்லது.

ஆனால், கரும்பு ரகம், மண், காய்ச்சும் பக்குவம் எல்லாமே நிறத்தை மாற்றும். பாகு முறுகினாலும், சரக்கு பழசானாலும் கறுக்கும். எனவே கறுப்பு நிறம் மட்டுமே சுத்தத்துக்குச் சான்றாகாது.

ஆசிட் ஊற்றிப் பார்க்கலாமா?

‘அமிலம் விட்டு நுரைத்தால் சலவைச் சோடா’ என்பது இன்னொரு குறிப்பு. அமிலம் பட்டால் சோடா நுரைக்கும் என்பது சரிதான். ஆனால், பாகில் அழுக்கெடுக்க உணவுத் தரமுள்ள சமையல் சோடாவைச் சேர்க்க விதியே அனுமதிக்கிறது. நுரை வந்ததால் மட்டும் குற்றம் நிரூபணமாகாது. கழிவறை ஆசிட்டைச் சமையலறைக்குக் கொண்டுவருவது அதைவிடப் பெரிய ஆபத்து.

ஆய்வகத்துக்கே இது எளிதல்ல

கனடாவில் மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுக்கிறார்கள். சுமார் 40 லிட்டர் சாறு காய்ந்தால் 1 லிட்டர் பாகு. அதிலும் மலிவான சர்க்கரை கலப்படம் உண்டு. ஆனால் ஆய்வகத்தில் பிடித்துவிடலாம். கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை வேறு, மேப்பிள் மரம் எடுக்கும் முறை வேறு. அந்த வித்தியாசம் சர்க்கரையில் கார்பன்-13 அளவாகப் பதிந்திருக்கும்.

பனங்கருப்பட்டியில் கரும்புச் சர்க்கரை கலந்தாலும் இதே வழி உதவும். பனையும் மேப்பிள் வகையைச் சேர்ந்ததுதான். கரும்பு வெல்லத்தில் கரும்புச் சர்க்கரையே கலந்தால் இந்த வித்தியாசம் தெரியாது. அதனால்தான் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வெல்லத்தை மட்டும் பார்க்காமல், ஆலைக்கே போய் அங்கே சர்க்கரை மூட்டை இருக்கிறதா என்றும் தேடுகிறார்கள்.

எந்தக் குறிப்பை நம்பலாம்?

மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இந்தச் சோதனை எந்தப் பொருளைக் கண்டுபிடிக்கிறது? அந்தப் பொருள் ஏன் அப்படி நடந்துகொள்கிறது? நல்ல வெல்லமும் இதே மாதிரி நடந்துகொள்ளுமா? மூன்றுக்கும் பதில் சொல்லும் குறிப்பை எடுத்துக்கொள்ளலாம். ‘ஒரே நிமிடத்தில் எல்லாக் கலப்படமும் தெரிந்துவிடும்’ என்றால் தள்ளிவிடலாம். ‘நாட்டுச்சர்க்கரை என்றால் சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம்’ என்பதும் அப்படித்தான். அதில் பெரும்பங்கு சுக்ரோஸ். ரத்தச் சர்க்கரையை ஏற்றவே செய்யும்.

சந்தேகம் தீரவில்லையா?

பாக்கெட்டாக வாங்கினால் 14 இலக்க உரிம எண்ணைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40-ன்படி வாங்குபவரே கட்டணம் செலுத்தி உணவை ஆய்வுக்குக் கொடுக்கலாம். ஆய்வுக்கு அனுப்பப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் தரமற்றது என முடிவு வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் கோவையிலும் சேலத்திலும் உள்ளன. புகார்களை 94440 42322 என்ற உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம்.

வசதி இருந்தால், காய்ச்சும் ஆலைக்கே போய் வாங்கலாம். கொப்பரையில் எதைக் கொட்டுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குவதற்கு ஈடாக, டம்ளரில் செய்யும் எந்தச் சோதனையும் இல்லை.