ஒரு வேளைக் கஷாயத்தில் தீருமா நோய்?

"ஏனுங்க டாக்டருங்க, உக்காந்து கீரை ஆயற நேரம் இருந்தா நான் இன்னும் நாலு பீஸ் தைச்சிருவேனுங்க!"

சுருக்கென்று இருந்தது எனக்கு.

திருப்பூர் ஓரத்தில் ஒரு லைன் வீட்டுப் பகுதி. கோவைக் கல்லூரி மாணவர்கள் அங்கே மருத்துவ முகாம் போட்டு, என்னையும் அழைத்துப் போயிருந்தார்கள். பதில் சொன்னவர் பனியன் கம்பெனியில் டெய்லர். வயது முப்பது இருக்கும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளை வெளேர்! ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8 கிராம்தான். சித்த மருத்துவத்தில் 'பாண்டு' என்கிறோமே, அந்த ரத்தசோகை.

"அம்மிணி, தினமும் முருங்கைக்கீரை சாப்பிடுங்க" என்று முப்பது வருஷமாகப் பாடும் அதே பல்லவியைப் பாடினேன். அதற்குத்தான் அந்தப் பதில்! ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்புகிறவர். பீஸ் ரேட் கூலி. அவருக்குப் போய் நான் கீரை உபதேசம்!

முகாம் முடிந்தது. போட்டோ எடுத்தார்கள். கிளம்பிவிட்டோம்.

ஒரு மாணவி மட்டும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி, அந்த வீட்டுக்கே போயிருக்கிறாள். மருந்து கொடுக்க அல்ல, பேச! ஆரம்ப சுகாதார நிலையத்தில் தந்த இரும்புச்சத்து மாத்திரைகள் அலமாரியில் அப்படியே இருந்தனவாம். "டீயோட போட்டேன், வயித்தைப் பொரட்டுச்சு. வெளிக்குக் கறுப்பாப் போச்சு. பயந்துக்கிட்டு நிறுத்திட்டேன்" என்றாராம் அந்தப் பெண்.

முகாமில் இதை நான் கேட்கவே இல்லையே!

மாணவி போன் செய்தாள். சொன்னேன்: "கறுப்பாகப் போவது இரும்புச்சத்தின் குணம், பயம் வேண்டாம். டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் எலுமிச்சைச் சாற்றோடு போடட்டும். மாதவிலக்கில் போக்கு அதிகமா, வயிற்றில் பூச்சியா என்றும் டாக்டரிடம் காட்டட்டும்."

அவள் இன்னொன்றும் செய்தாள். தோட்டத்து முருங்கைக்கீரையை நிழலில் காயவைத்துப் பொடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அரிசியும் பருப்பும் சாதத்தில் ஒரு ஸ்பூன் கலந்தால் வேலை முடிந்தது! மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 10.5. மாத்திரைதான் முக்கியக் காரணம். பொடி அதற்குத் துணை.

'சித்த வைத்தியரே மாத்திரையைப் புகழ்கிறாரே' என்கிறீர்களா? நாங்கள் செந்தூரத்துக்கு எடுக்கும் அன்னபேதியும், பல இரும்புச்சத்து மாத்திரைகளில் உள்ள ஃபெரஸ் சல்பேட்டும் ஒரே உப்புதான்! ஆனால் செந்தூரத்தை வைத்தியர் சொல்லாமல் தொடக்கூடாது.

இது ஒரு பெண்ணின் கதை அல்ல. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை.

காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் தேதி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது நாட்டு நலப்பணித் திட்டம். இரண்டு வருஷத்தில் 240 மணி நேர சேவையும், ஏழு நாள் முகாமும் அதன் கணக்கு. பல இடங்களில் முகாம்தான் பேசப்படுகிறது. அந்த 240 மணி நேரமோ நோட்டில் கையெழுத்தாகப் போய்விடுகிறது.

நோய்க்கு ஒரு மண்டலம், அதாவது 48 நாள், மருந்து சாப்பிடச் சொல்வது எங்கள் வழக்கம். ஒரு வேளைக் கஷாயத்தில் நாள்பட்ட நோய் தீராது. முகாம் என்பது அந்த ஒரு வேளைக் கஷாயம். திரும்பத் திரும்பப் போகிற ஞாயிற்றுக்கிழமைகள்தான் மண்டலம்!

சேவைக்குக் கிளம்பும் தம்பி, தங்கைகளுக்கு:

* சொல்வதற்கு முன் கேளுங்கள். எப்போது வேலை, எப்போது தண்ணீர், எப்போது சாப்பாடு?
* நீங்களாக எந்த மருந்தும் கொடுக்காதீர்கள். பி.பி., சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லவே கூடாது.
* மூச்சிரைப்பு, மயக்கம், மிகுந்த ரத்தப்போக்கு இருந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.
* அடுத்து வரும் தேதியைச் சொல்லுங்கள். அன்றைக்குப் போய் நில்லுங்கள்.

பெற்றோர்களே, 'லீவு நாளில் எதுக்குக் கண்ணு வெயில்ல அலையறே?' என்று தடுக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கொடுத்து அனுப்புங்கள். முப்பது வருஷ வைத்தியனான எனக்கே பாடம் சொல்லித் தந்தவள், அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிய பெண்தான்!